குரங்கணி மூசேயின் உலோகப் பொடி

வார்த்தை தவறியவர்களையெல்லாம் பிடித்து லாக்கப்பில் போட்டால், போடிநாயக்கனூரில் வெளியே நடமாட ஆள் இருக்காது. ஆனால் ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்பதற்காக, கதவைத் திறந்துவிட்ட பிறகும் லாக்கப்பை விட்டு வெளியே வர மாட்டேன் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே மூசே ஒருவர்தான்.

மூசே என்பது அவர் பெயரல்ல. காரைக்கால்காரர். பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் ‘முசியே’ என்பார்களாம். வேலைக்கு வந்து சேர்ந்த அன்று, ஆபீஸ் வாசலில் நின்ற கங்காணி சின்னக்காளையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, குனிந்து, “முசியே” என்றார். தன்னை ஏதோ வைகிறார் என்று நினைத்த கங்காணி, “நானாய்யா மூசே? நீதாய்யா மூசே! ஒன் வம்சமே மூசே!” என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர். சம்பளம் கொடுக்கும் துரைகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

முதல் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் சிலமலைக்காரன். குரங்கணிக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஏலத்தோட்டத்தில் கிளார்க்காக இருந்தேன். உலர்ந்த ஏலக்காயை மூட்டை கட்டி, கழுதைமேல் ஏற்றி, போடிக்கு அனுப்பிவைப்பது என் சோலி. துரைக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது மூசேயின் சோலி. ஒரே அறை, இரண்டு மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு, அதற்குக் கீழே போடி, அதற்கும் கீழே கண்ணுக்கு எட்டாத சமவெளி.

“காரைக்கால்ல கடலைப் பாத்துக்கிட்டு இருந்த மனுசன் இந்தக் காட்டுக்கு ஏன் வந்தீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“மதாமோட சண்டை, தம்பி” என்றார்.

மதாம் என்றால் அவர் மனைவி. பெண் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் டீச்சர். ஒரு நாள் வீட்டுக்கு ஒரு பிரெஞ்சு அதிகாரி விருந்துக்கு வந்திருந்தாராம். பாயசத்தைக் குடித்துவிட்டு, இந்த வாசனை எதனால் என்று கேட்டாராம். மூசே பெருமையாக, “லெ கார்தமோம்” என்றார். ஏலக்காய்தான். பிரெஞ்சில் எல்லாப் பொருளும் ஒன்று ஆண், இல்லையென்றால் பெண். ‘லெ’ போட்டால் ஆண், ‘லா’ போட்டால் பெண். மதாம் பாயசப் பாத்திரத்தைக் கீழே வைக்காமலே, “லா” என்றாள். மூசே “லெ” என்றார். அவள் “லா” என்றாள். அதிகாரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் வினை.

“இந்த வீட்டுல ‘லா’ இருந்தா நான் இருக்க மாட்டேன்னு சொன்னேன், தம்பி.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“பெட்டி பரண்மேல இருக்குன்னா.”

கோபித்துக்கொண்டு போகிறவன் காசிக்குப் போவான், ரங்கூனுக்குப் போவான். இவர், ஏலக்காய் விளைகிற இடத்துக்கே போய் அது ஆணா பெண்ணா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

“பாத்தாச்சா?”

“பாத்துட்டேன். ஒரே பூவுல ரெண்டும் இருக்கு.”

“அப்பத் திரும்பிப் போக வேண்டியதுதான?”

மூசே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எப்படிப் போறது? அவ சொன்னதும் சரின்னு ஆயிடுமே!”

இந்த ஆண் பெண் கணக்கை அவர் மலைக்கும் கொண்டுவந்துவிட்டார். நாற்காலி பெண், அதன் மேல் உட்காரும்போது மெதுவாக உட்கார வேண்டும். மலை பெண். வெயில் ஆண். மழை பெண், குடை ஆண். கங்காணி இதை நெடுநேரம் யோசித்துவிட்டு, “மழை பொம்பளைன்னா கொடை ஆம்பளையா இருக்கது நாயந்தான். அவ பேசப் பேச இவன் விரிச்சுக்கிட்டுக் கம்முனு நிக்கணுமில்ல” என்றார். மூசே எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, அந்தப் பாறையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வரை.

ஆபீசுக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் மூசே அதன் மேல் ஏறி, கிழக்கே பார்த்து நின்று, உரக்கப் பிரெஞ்சு பேசுவார். பேசிவிட்டு நிறுத்துவார். காது கொடுத்துக் கேட்பார். மறுபடி பேசுவார். ஏலக்காய் எடுத்துவிட்டு இறங்கும் பெண்கள், மனுசனுக்கு மேகாத்து, பேய்க்காத்து பிடிச்சிருச்சு என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாகப் போவார்கள். நான் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“அங்க நின்னு யாருகிட்டப் பேசுறீங்க?”

“யார்கிட்டயும் இல்லை. தப்புத் தப்பாப் பேசிப் பாக்கறேன்.”

“தப்பாவா?”

“வேணும்னே தப்பாப் பேசுவேன். ‘லா’ வர்ற இடத்துல ‘லெ’ போடுவேன். யாராவது திருத்துறாங்களான்னு பாப்பேன்.” பாறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “இந்த மலையில நான் என்ன தப்பாப் பேசினாலும் அது சரிதான், தம்பி. எவ்வளவு பெரிய தண்டனை பாரு.”

சனிக்கிழமைகளில் நான் சிலமலைக்கு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டு வருவேன். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. திரும்பி வந்ததும் மூசே கேட்கும் முதல் கேள்வி, “ஊர்ல மழையா?” அல்ல, “உன் வீட்டுக்காரி உன்னை என்ன திருத்தினா?” என்பதுதான். வேட்டியைத் திருப்பிக் கட்டியிருக்கேன்னு சொன்னா என்று சொன்னால் போதும். கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார்.

போன கோபத்தில் அவளும் எழுதவில்லை, இவரும் எழுதவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. ஓர் ஏலக்காய் அளவுக்குச் சின்ன விஷயம். இருவருக்கும் நடுவே காவேரி டெல்டா முழுக்கக் கிடந்தது.

இந்த நிலையில்தான் சீமையிலிருந்து அந்தப் புத்தகம் வந்தது.

துரையின் தம்பி இங்கிலாந்தில் மின்சார விளக்குக்குக் கம்பி செய்யும் பட்டறை வைத்திருந்தார். பிரான்ஸில் சில பட்டறைக்காரர்களுக்கு அந்த முறையைக் கற்றுத்தர ஏற்பாடு. செய்முறைப் புத்தகத்தைப் பிரெஞ்சில் கொடுக்க வேண்டும். அங்கே பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். நம் துரை முன்பு எப்போதோ, “என் குமாஸ்தாவுக்கு வருகிற பிரெஞ்சு பாரிஸில் பாதிப் பேருக்கு வராது” என்று கடிதத்தில் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு புத்தகத்தைக் கப்பலில் போட்டுவிட்டார்.

“மூசே, எண்ட தம்பி கேட்டிச்சு. வெரசா முடிக்கணும்” என்றார் துரை. மலையாளத்துக்காரர்களிடம் பாதியும் எங்கள் ஆட்களிடம் பாதியும் கற்ற தமிழ் அவருடையது.

விஷயம் இதுதான். எந்த உலோகத்தையும் உருக்கி வார்ப்பதுதான் உலக வழக்கம். ஆனால் விளக்குக்குள் இருக்கும் கம்பிக்கு டங்ஸ்டன் என்று ஓர் உலோகம் வேண்டும். அது எந்த உலைக்கும் உருகாத முரடு. அதனால் அதைப் பொடியாக்கி, அச்சில் போட்டு அழுத்தி, குச்சி மாதிரி செய்து, அந்தக் குச்சியைக் கடுமையாகச் சூடாக்கினால், பொடி உருகாமலே ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு தட்டி, இழுத்து, மயிரிழையாக்க வேண்டும். தோட்டத்தில் மின்சார விளக்கைக் கண்ணால் பார்த்தவர்கள் துரையும் மூசேயும் மட்டும். நாங்கள் அரிக்கேன் விளக்கு ஜாதி.

பொடி என்பதற்குப் பிரெஞ்சு வார்த்தை சுலபமாகக் கிடைத்தது. அச்சு என்பதற்கும் கிடைத்தது. ஆனால் மூசேயின் முகம் சிவந்துவிட்டது. “அச்சுக்குச் சொல்ற அதே வார்த்தைதான் கர்ப்பப்பைக்கும், தம்பி. துரைகிட்ட விளக்கம் சொல்லச் சொல்லிடாதே” என்று காதோடு சொன்னார்.

தடங்கல் ‘கிரீன்’ என்ற வார்த்தையில் வந்தது. அழுத்தி எடுத்து, இன்னும் சூடு காட்டாத குச்சியை இங்கிலீஷ்காரன் கிரீன் என்று எழுதியிருந்தான். மூசே இரண்டு நாள் அதைப் பச்சை வர்ணம் அடித்த குச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துவிட்டார்.

“பச்சைன்னா வேகாததுய்யா! பச்சை மண்ணு, பச்சை முட்டை! இங்கிலீஷும் தமிழும் ஒண்ணு சொல்லுது!”

“அப்ப முடிஞ்சது. எழுதிருங்க.”

“எங்க முடிஞ்சது? இங்கிலீஷும் தமிழும் சம்பந்தி ஆயிடுச்சு. பிரெஞ்சு மட்டும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்குதே!”

பிரெஞ்சில் பச்சை நிறத்துக்கு ‘வேர்’ என்று ஒரு வார்த்தை. வேகாததற்கு ‘க்ரூ’ என்று வேறொரு வார்த்தை. விறகு ஈரமாக இருந்தால் ‘வேர்’ என்பார்களாம், இறைச்சி வேகாமல் இருந்தால் ‘க்ரூ’ என்பார்களாம். வேகாத உலோகத்தை என்னவென்று சொல்வார்கள்? அகராதி வாய் திறக்கவில்லை. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தி உண்டு என்று அவர் ஒரு வாரம் சொல்லாமல் இருந்தார். எட்டாம் நாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போடிக்கு இறங்கி, தபாலாபீசில் தந்தி கொடுத்தார். நலம் விசாரிப்பு இல்லை, கையெழுத்துக்கு மேலே ஓர் அன்பான சொல் இல்லை. வேகாத உலோகத்துக்கு ‘வேரா’, ‘க்ரூவா’ என்று மட்டும்.

“பொண்டாட்டிக்கு வருசக் கணக்கா எழுதாம இருந்துட்டு, இதையா கேக்குறது?” என்றேன்.

“எப்படி இருக்கேன்னு கேட்டா அவ பதில் போட மாட்டா. எது சரின்னு கேட்டா அவளால பதில் போடாம இருக்க முடியாது” என்றார்.

பதில் வந்தது. ஒரே சொல். க்ரூ.

அந்தத் தந்திக் காகிதத்தை மூசே படித்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் நின்றுகொண்டு படித்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு படித்தார். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் படித்தார். கங்காணி எட்டிப் பார்த்து, “ஊர்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே? என்ன எழுதிருக்கு?” என்றார்.

“வேகாததுன்னு எழுதியிருக்கு” என்றார் மூசே, காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே.

கங்காணி என்னைத் தனியே கூப்பிட்டு, “அந்தம்மா சோறு சரியில்லேன்னா சொல்லுது?” என்று விசாரித்தார்.

அதோடு புத்தகத்தை முடித்திருக்கலாம். கடைசியாக ஒரே ஒரு சொல் பாக்கி. பொடி உருகாமல் சூட்டில் ஒட்டிக்கொள்கிறதே, அந்தச் செயலுக்கு இங்கிலீஷில் ‘சிண்டர்’ என்று எழுதியிருந்தது. உருகுவது என்றால் தப்பு. வேகுவது என்றால் போதாது. பற்றவைப்பது என்றால் வேறு வேலை. ஒட்டுவது என்றால் பசை வந்துவிடும். மூசே ஒவ்வொன்றாக எழுதினார், ஒவ்வொன்றாக அடித்தார்.

“கண்ணால பாக்காத பிள்ளைக்குப் பேரு வைக்கக் கூடாது, தம்பி. முதல்ல அதைப் பாக்கணும்” என்றார்.

டங்ஸ்டனுக்கு எங்கே போவது? போடியில் ஒரு பாத்திரப் பட்டறையில் செம்பு ராவிய தூளை ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். அச்சுக்கு ஓர் இரும்பு வளையம். அழுத்துவதற்கு ஆபீசில் கடிதங்களை நகல் எடுக்கும் இரும்பு அமுக்கி ஒன்று இருந்தது. மேலே சக்கரம் மாதிரி கைப்பிடி, திருகினால் தகடு இறங்கி அமுக்கும். அதில் வளையத்தை வைத்து, நானும் அவரும் கங்காணியும் மூன்று பேராகத் தொங்கித் திருகினோம். அன்று துரை எழுதிய கடிதங்கள் எல்லாம் செம்பு மினுக்கத்தோடு போய்ச் சேர்ந்தன. சீமையில் யாரோ, இந்தியாவில் காகிதம்கூட ஜரிகையோடு வருகிறது என்று எழுதினார்களாம்.

சூடு காட்ட ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு அடியில் பெரிய அடுப்பு எரியும். அதன் சூடு குழாய் வழியாகப் போய் மேலே தட்டுகளில் பரப்பிய காய்களை உலர்த்தும். ஒரே சீரான சூடு வேண்டும். இல்லையென்றால் காயின் பச்சை போய்விடும். பச்சை போனால் விலை போச்சு. மூசே செம்புப் பில்லையை மண்குப்பிக்குள் கரித்தூளில் புதைத்து அந்த அடுப்பின் தணலுக்குள் தள்ளினார். அதோடு விட்டாரா? ஆயிற்றா ஆயிற்றா என்று அடுப்பைத் திறந்து திறந்து பார்த்தார். முதல் பில்லை கையில் எடுத்ததும் விபூதியாக உதிர்ந்தது. இரண்டாவது பாதி உதிர்ந்தது. மூன்றாவதைத் தரையில் போட்டார். உடையவில்லை. எடுத்துப் பல்லால் கடித்தார். உடையவில்லை.

“உருகலே தம்பி! ஓரம் பாரு, அப்படியே இருக்கு! உருகவே இல்லே, ஆனா பிடிச்சுக்கிச்சு!” என்று அடுப்படியில் கரி முகத்தோடு நின்று அழுதார்.

மேலே தட்டுகளில் இருந்த ஏலக்காய் அத்தனையும் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. துரை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார்.

“மூசே! எங்க போச்சு கிரீன்?”

“அதுக்குச் சரியான வார்த்தை கிடைச்சிடுச்சு சார், க்ரூ. இனிமே சிண்டர் மட்டும்தான் பாக்கி” என்றார் மூசே.

துரை கையிலிருந்த காய்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். அவரும் அந்தப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டவர்தான். தம்பியிடம் பீற்றியதை வாபஸ் வாங்க முடியாது.

மறுபடியும் போடித் தபாலாபீஸ். ‘பொடி அழுத்தியாகிவிட்டது. சூடு காட்டியாகிவிட்டது. உருகவில்லை. என்ன வார்த்தை?’ என்று பிரெஞ்சில் ஒரு தந்தி. பதில் இல்லை. இன்னொரு தந்தி. அதற்கும் பதில் இல்லை. மூசே சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். பாறைக்கும் போகவில்லை.

பதிலுக்குப் பதில் போலீஸ் வந்தது.

தந்தி மாஸ்டர் அந்த இரண்டு தந்தியையும் அனுப்பாமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். யுத்த காலம். புரியாத பாஷை. பிரெஞ்சில் பொடிக்கு உள்ள சொல்லும் இங்கிலீஷில் வெடிமருந்துக்கு உள்ள சொல்லும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. போதாதா? மூசே ஊறுகாய் வாங்கப் போடி கடைத்தெருவுக்குப் போன இடத்தில் அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செய்தி கேட்டு நான் ஓட்டமும் நடையுமாக மலையிறங்கிப் போனேன். ஸ்டேஷனில் ஏட்டையா விசாரித்துக்கொண்டிருந்தார்.

“என்னய்யா பொடி அது?”

“டங்ஸ்டன் பொடி.”

“டங்ஸ்டன் யாரு? செருமன்காரனா?”

“ஆள் இல்லைங்க, உலோகம். இந்தப் பேரு ஸ்வீடன் தேசத்துப் பேரு. ஜெர்மன்காரன் அதை வோல்ஃப்ராம்னு சொல்லுவான்.”

ஏட்டையா நாற்காலியை விட்டு எழுந்தார். “செருமன்காரன் என்ன சொல்லுவான்னு ஒனக்கு எப்பிடிய்யா தெரியும்?”

நான் மூசேயின் காலை மிதித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏன் தம்பி, நான் சொன்னது தப்பா?” என்று ஆவலாகக் கேட்டார்.

லாக்கப்பில் வைத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து காரைக்காலுக்கும் விசாரணை போயிற்று: இன்னார் யார், இந்த அம்மாளுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று. மறுநாள் துரை குதிரையில் வந்து, சப் இன்ஸ்பெக்டரிடம் பேசி, எல்லாம் சரியாகிவிட்டது. ஏட்டையா நல்ல மனிதர். பெரிய இடத்துச் சமாசாரம், சுருக்கமாக முடித்துவிடுவோம் என்று வாக்குமூலத்தில், ‘விசாரித்ததில் மேற்படிப் பொடி மூக்குப்பொடி என்று தெரியவந்தது’ என்று எழுதிக் கதவைத் திறந்துவிட்டு, “கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க சாமி” என்றார்.

மூசே வாங்கிப் படித்தார். “இது மூக்குப்பொடி இல்லையே.”

“எங்களுக்கும் தெரியும்யா. போட்டுட்டுப் போ.”

“எப்படிப் போடறது? நான் கையெழுத்துப் போட்டா டங்ஸ்டன் மூக்குப்பொடின்னு ஆயிடுமே!”

திரும்ப உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். துரை கெஞ்சினார். சப் இன்ஸ்பெக்டர் அதட்டினார். அடுத்து அடைக்க வேண்டிய ஒரு சாராயக் கேஸ் ஆள், இடம் காலியாகட்டும் என்று வெளியில் காத்துக்கொண்டிருந்தான். அவனும், “அண்ணே, கால் கடுக்குதுண்ணே” என்று கெஞ்சினான். கடைசியில் ஏட்டையா, ‘மேற்படிப் பொடி ஒருவகை உலோகப் பொடி, அது எதற்கு என்பது போலீசாருக்கு விளங்கவில்லை’ என்று மாற்றி எழுதினார். மூசே அதை இரண்டு முறை படித்து, “இது ரொம்பச் சரியான வாக்கியம். ஒரு சொல்லைக்கூட மாத்த முடியாது” என்று ஏட்டையாவைப் பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த வாரம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம், குரங்கணியிலிருந்து ஒரு டோலி மேலே ஏறி வந்தது. தூக்கி வந்தவர்கள் முகத்தில், யாரிடமோ வழி முழுக்கத் திட்டு வாங்கிய களைப்பு. உள்ளேயிருந்து ஒரு குள்ளமான அம்மாள் இறங்கினாள். கறுப்புக் குடை, மூக்குக் கண்ணாடி.

“போலீஸ்காரன் வீட்டு வாசல்ல வந்து, இந்த ஆளு உன் புருஷனான்னு கேக்கறான். தெருவே பாக்குது. எங்க அந்த மனுஷன்?” என்றாள்.

நான் உள்ளே கைகாட்டினேன். மூசே ஸ்டோர் பக்கம் போயிருந்தது எனக்குத் தெரியாது. அம்மாள் விடுவிடுவென்று உள்ளே வந்து, நேரே அவர் மேஜைக்குப் போய், பிரெஞ்சில் எழுதிவைத்திருந்த தாள்களைப் பார்த்தாள். நின்றபடியே பென்சிலை எடுத்தாள். ஒரு திருத்தம். இன்னொன்று. பிறகு குடையைக்கூட மடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, வரிவரியாகத் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

மூசே வாசலுக்கு வந்தார். கையில் கரி. அவளைப் பார்த்ததும் தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். அம்மாள் தலை நிமிராமலே ஒரு சொல் சொன்னாள். “லா.”

மூசேயின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் வேண்டுமென்றேதான் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று என் எண்ணம்.

அப்புறம் தொடங்கியது சண்டை. அன்று பகல் முழுவதும் அந்த ஆபீசிலிருந்து வந்த பிரெஞ்சு சத்தத்துக்கு மரத்திலிருந்த மந்திகள் இடம் மாறின. ஏலக்காய் எடுக்கும் பெண்கள் கூடையை வைத்துவிட்டு ஜன்னலடியில் கூடிவிட்டார்கள். கங்காணி பதறிப்போய், “யப்பா, உள்ள கொலை விழுந்துரும் போலருக்கு. வெரசா போய் வெலக்கி விடுப்பா” என்று என்னைத் தள்ளினார். எட்டிப் பார்த்தேன். இருவரும் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு, தலையோடு தலை முட்ட, கத்திக்கொண்டிருந்தார்கள். விலக்க எனக்கு மனசு வரவில்லை. அன்று ஒரு மூட்டைகூடப் போடிக்குப் போகவில்லை.

சாயங்காலம் சத்தம் திடீரென்று நின்றது. நிஜமாகவே பயந்துபோய் உள்ளே போனேன். மூசே அந்தச் செம்புப் பில்லையை மதாமின் உள்ளங்கையில் வைத்திருந்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

“உருக்கினீங்களா?” என்று தமிழில் கேட்டாள்.

“இல்லை.”

“பசை?”

“இல்லை. சூடுதான். ரொம்ப நேரம்.”

அவள் பில்லையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “ஃப்ரித்தே” என்றாள். கண்ணாடி செய்கிறவர்கள் மணலையும் சோடாக் காரத்தையும் முழுக்க உருகவிடாமல் சுட்டுச் சேர்க்கும்போது சொல்கிற சொல்லாம். உலோகத்துக்கும் பொருந்தும் என்றாள்.

நான் மூசேயின் வாயைப் பார்த்தேன். மறுப்பு வரவேண்டுமே! வரவில்லை. அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பேனாவை எடுத்து எழுதினார். மை உலரும் வரை ஊதினார். ஒரு வார்த்தையை அவர் அடிக்காமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

புத்தகம் கப்பலேறியது. பிரான்ஸிலிருந்து பட்டறைக்காரர்கள், எங்கள் ஊர் எழுத்தர்களுக்கே இவ்வளவு சுத்தமாக வராது என்று எழுதியிருந்ததை, துரை போடி கிளப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பச்சை போன ஏலக்காயைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

மழை சற்று விட்டிருந்த ஒரு நாள் இருவரும் கிளம்பினார்கள். குரங்கணி வரை நானும் கங்காணியும் கூடப் போனோம். அங்கே மாட்டு வண்டி நின்றது. கங்காணி ஒரு சின்னத் துணிப்பையில் நல்ல பச்சை ஏலக்காய் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மதாமிடம் நீட்டி, “இது ஆம்பளையோ பொம்பளையோ, பாயசத்துல போட்டுக்கங்க ஆத்தா. இதுக்காண்டி இனிச் சண்டை போடாதீக” என்றார்.

“போடாம எப்படி இருக்கறது?” என்றாள் மதாம். மூசே வண்டிக்குள்ளிருந்து தலையாட்டிச் சிரித்தார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். தமிழில் ஆரம்பித்தார், நிறுத்தினார். பிரெஞ்சில் ஆரம்பித்தார், அதையும் நிறுத்தினார். வண்டிக்காரன் மாட்டைத் தட்டிவிட்டான். “எழுதறேன் தம்பி, யோசிச்சு எழுதறேன்” என்று மட்டும் காதில் விழுந்தது. வண்டி முந்தல் பக்கம் திரும்பி மறையும் வரை நின்றோம். கங்காணி மூக்கைச் சிந்திவிட்டு, “தடுமம் பிடிச்சிருச்சு” என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் மேஜைக்கு மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன். எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் நிமிஷத்தில் ஒன்றை எழுதிவிடுவான். அவன் வந்த பிறகு வேலையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. சாயங்காலங்கள்தான் நீண்டுவிட்டன.

நானும் மலையை விட்டு இறங்கி, வேறு வேறு ஊர்களில் வேலை பார்த்து, தலையும் நரைத்துவிட்டது. தபால்காரர் தெருவில் நுழையும்போது இன்றைக்கும் ஒரு கணம் வாசலைப் பார்க்கிறேன். மூசேயிடமிருந்து கடிதம் வரவே இல்லை. என்னிடம் சொல்ல வந்ததற்குச் சரியான வார்த்தை அவருக்கு அகப்படவில்லை போலிருக்கிறது. அகப்படாவிட்டால் என்ன? தப்பும் தவறுமாகவே இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம், மனுஷன்.